லாஸ்ட் நேம் இல்லாத பெரியப்பாவும் ஒரு ரங்கூன் பாஸ்புக்கும்

ரொம்ப நாளா கடைப்பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி புடுங்குறதுலயே பொழுது போயிடுது. (சொந்த ஊர் ஆரணி. நடுவுல இருக்கிற 'ர'வை எடுத்துட்டுப் படிச்சா என் தலையெழுத்து தெரியும்.)

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன். வெளிநாட்டுல பேங்க் கணக்கு ஆரம்பிக்கிறது எப்படின்னு வழி தேடி வந்தவங்க நேரா ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்க. இது பழங்கதை. நான் வெறும் பொட்டி தட்டுறவன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா பட்டுச்சேலை முதலாளி. பெரிய முதலாளின்னு நினைச்சுடாதீங்க, பதினாலு தறி. அதுல நாலு தறி வீட்டுலயே ஓடுது, மீதி தறிக்காரங்க அவங்கவங்க வீட்டுல நெய்யுறாங்க. நாலஞ்சு வருஷமா சிங்கப்பூர்ல ஒரு கடைக்காரர் இவர்கிட்ட சேலை எடுக்கறார். காஞ்சிபுரம் சேலையை விட எடை கம்மி, விலையும் கம்மி, அங்க வேலைக்குப் போற பொண்ணுங்க விரும்பிக் கட்டறாங்களாம். பணம் பேங்க் மூலமா ஆரணிக்கு வரும். வர்ற வழியில நடு பேங்க் ஒண்ணு கொஞ்சம் கடிச்சுக்கும், மாத்து விலையில கொஞ்சம் போகும். கடைக்காரர் ஒரு யோசனை சொல்லியிருக்கார். உங்க கடை பேர்ல இங்கயே ஒரு கணக்கு ஆரம்பிங்க, நான் அதுல போட்டுடறேன், துட்டு சிங்கப்பூர் டாலராவே கெடக்கட்டும்னு.

"இன்னாடா சொல்ற, கெடக்கட்டுமா?"ன்னு பெரியப்பா கேட்டார். குடும்பத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் நான்தான். அதனால பேங்க், பாஸ்போர்ட், மிக்ஸி ரிப்பேர் எல்லாத்துக்கும் நான்தான் நிபுணர்.

சரின்னு அங்க இருக்கிற ஒரு பேங்கோட (பேர் வேணாம்) விண்ணப்பத்தைத் திறந்தேன். முதல் கட்டம்: ஃபர்ஸ்ட் நேம். அடுத்த கட்டம்: லாஸ்ட் நேம். பக்கத்துல சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் நிரப்பணும். பெரியப்பாவுக்கு இருக்கிறது ஒரே பேர், முன்னாடி ரெண்டு இனிஷியல். ஒண்ணு ஊர், ஒண்ணு தாத்தா. பாஸ்போர்ட்ல லாஸ்ட் நேம் காலி. ஒரு புள்ளி வச்சுப் பார்த்தேன், ஏத்துக்கல. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லணும்னா, இதே மாதிரி விண்ணப்பத்தை நானே எழுதியிருக்கேன். லாஸ்ட் நேம் கட்டாயம்னு ஒரு வரி கோடு போட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கேன். அந்த வரி எங்க பெரியப்பாவை வந்து இடிக்கும்னு அப்போ தோணல.

அப்புறம் கேள்விகள். தொழிலோட இறுதி உரிமையாளர் யார், பணம் எங்கேருந்து வருது, எங்க நாட்டுல உங்களுக்கு எதுக்குக் கணக்கு, உங்களைத் தெரிஞ்ச பேங்க் எது, கரன்ட் பில்லு எங்க, அது இங்கிலீஷ்ல இருக்கா, நோட்டரி கையெழுத்து இருக்கா. எல்லாத்தையும் ரெண்டு நாள் உக்காந்து ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். பத்தாம் நாள் பதில் வந்தது. வருந்துகிறோம், காரணம் சொல்ல இயலாது. அவ்ளோதான்.

பெரியப்பாவுக்குக் கோவம். "அந்தக் காலத்துல செட்டியாருங்க ரங்கூன், பினாங்குன்னு கடை கடையா வச்சாங்களே, அவங்களை எவன்டா லாஸ்ட் நேம் கேட்டான்?"

அவர் சும்மா கேட்டுட்டார். எனக்கு அது குடைய ஆரம்பிச்சுடுச்சு. சென்னை திரும்பினப்புறம் ரெண்டு மாசம் சனி, ஞாயிறு எல்லாம் இதுலதான் போச்சு. மேட்டருக்கு வருவோம்.

செட்டியாருங்கன்னு பெரியப்பா சொன்னது நாட்டுக்கோட்டை நகரத்தாரை. காரைக்குடி, தேவகோட்டை பக்கம். எங்க ஊருக்கும் அவங்களுக்கும் நேரடி சம்பந்தம் எதுவும் இல்ல. ஆனா தமிழ்நாட்டுலேருந்து போய் வெளிநாட்டுல பணத்தைப் போட்டு எடுக்கிற தொழிலை அவங்க அளவுக்கு யாரும் செஞ்சதில்ல. 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுன்னு ஒண்ணு உக்காந்து கணக்கெடுத்தது. பர்மாவுல மட்டும் 1,600-க்கு மேல செட்டியார் கடைகள், போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய்னு அந்தக் குழு மதிப்பிட்டது. 1930-ல் 75 கோடி! வெள்ளைக்காரன் பேங்க்ல வாங்கி விவசாயிக்குக் குடுத்த இடைத்தரகர்கள்னு அவங்களைப் பத்தி ஒரு பேச்சு உண்டு. பேங்க் கடனும் இருந்தது, இல்லாம இல்ல. ஆனா குழுவோட கணக்குப்படி பெரும்பகுதி அவங்க சொந்தப் பணம்தான்.

இதை எப்படி நடத்தினாங்கன்னு பார்த்தா, ஒரு பொட்டி தட்டுறவனா எனக்குப் பிரமிப்பு. முதலாளி செட்டிநாட்டுல இருப்பார். கடைக்கு மேலாள், அவருக்குக் கீழ அடுத்தாள், கடைசியில பெட்டியடிப் பையன். மேலாள் மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் பேசிக் கப்பலேறுவார். அந்த மூணு வருஷத்துக்கே 'கணக்கு'ன்னுதான் பேர். கணக்கு முடிஞ்சதும் ஐந்தொகை போட்டு (நம்ம பேலன்ஸ் ஷீட்தான்) முதலாளிகிட்ட ஒப்படைச்சுட்டு ஊர் திரும்புவார். ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல். சாமி உண்டியல் இல்லீங்க. ரங்கூன் கடையில பணத்தைக் கட்டி ஒரு சீட்டு வாங்கினா, அதைக் காட்டி இங்க ஒரு கடையில பணம் வாங்கிக்கலாம். அந்தச் சீட்டுக்குத்தான் அந்தப் பேர். இன்னிக்கு உண்டியல்னா போலீஸ் தேடுற சமாச்சாரம், அன்னிக்கு அதுதான் வங்கி.

ரங்கூன்ல மொகல் தெரு (இப்போ அதுக்கு ஷ்வே பொன்தா தெருன்னு பேர்), சிங்கப்பூர்ல மார்க்கெட் தெரு கிட்டங்கிகள், கொழும்புல செட்டியார் தெரு. எங்க போனாலும் முதல்ல ஒரு முருகன் கோயில். சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-ல் கட்டினது. ரங்கூன்ல வட்டி விகிதத்தைப் பேசி முடிவு பண்றதே கோயில்ல கூடித்தான். ரிசர்வ் வங்கி கவர்னர் திருநீறு பூசிக்கிட்டு வந்து ரெப்போ ரேட் அறிவிக்கிற மாதிரி கற்பனை பண்ணிப் பாருங்க :-)

இப்போ பெரியப்பா கேள்விக்கு வருவோம். அவங்களை யாரும் லாஸ்ட் நேம் கேக்கலியா? கேட்டாங்க. ஆனா வேற மாதிரி கேட்டாங்க. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் உண்டு. விலாசம்னா அட்ரஸ் இல்ல, இனிஷியல் கோர்வை. பாட்டன், பூட்டன் பேர்களோட முதலெழுத்துகளைச் சேர்த்த மார்க்கா. எம்.சிடி.எம்., ஏ.வி.எம்.னு நாம கேள்விப்பட்டதெல்லாம் அந்த ரகம்தான். உண்டியல்ல அந்த மூணு நாலு எழுத்தைப் பார்த்ததும் எந்தக் குடும்பம், எந்த ஊர், ஒன்பது நகரக் கோயில்கள்ல எந்தக் கோயில், போன தலைமுறையில யாராவது கை விரிச்சாங்களா, எல்லாம் எதிர்ல இருக்கிறவருக்குத் தெரிஞ்சுடும். கல்யாணத்துக்குக் கோயில்லேருந்து மாலை வரணும், அப்போதான் அந்தத் தம்பதி கோயில் கணக்குல ஒரு 'புள்ளி'. பிறப்பு, திருமணம், குடும்பம் எல்லாத்துக்கும் ஆதாரம் இளையாத்தங்குடியிலயும் பிள்ளையார்பட்டியிலயும் இருந்தது. இன்னிக்கு பேங்க் கேக்குற அத்தனை கேள்விக்கும் அந்த இனிஷியல்லயே பதில் இருந்திருக்கு. அன்னிக்குக் கதவைத் திறந்த அதே இனிஷியல்தான் இன்னிக்கு எங்க பெரியப்பாவுக்குக் கதவைச் சாத்துது.

அதுக்காக அது பொற்காலம்னு சொல்ல வரல. அந்தச் சாவி அவங்க ஆட்களுக்கு மட்டும்தான். ஆரணித் தறிக்காரரோ, லுங்கியும் கைலியும் மூட்டை கட்டிக் கடல் கடந்து போன வட ஆற்காட்டு வியாபாரியோ அந்தக் கடையில பணம் போடலாம், கடன் வாங்கலாம். அந்த வட்டத்துக்குள்ள ஒரு ஆளா நிக்க முடியாது. அந்த வட்டத்துக்குள்ள இருந்தவங்களுக்கே வெள்ளைக்கார பேங்க் நேரா கதவைத் திறக்கல. கொழும்பு பேங்குகள்ல சராப்புன்னு ஒருத்தர் இருப்பார். இந்தச் செட்டியாருக்குக் கடன் தரலாம், வரலேன்னா நான் பொறுப்புன்னு அவர் ஜாமீன் நிக்கணும். 1925-ல் அங்க சில கடைகள் நொடிச்சுப் போனதும் பேங்குகள் மொத்தமா கையை இழுத்துக்கிட்டாங்க. ஒழுங்கா வட்டி கட்டினவங்களுக்கும் அதே கதிதான். காரணம் சொல்ல இயலாதுங்கிற மெயில் அப்போ இல்ல, வேற ஒண்ணும் வித்தியாசமில்ல.

இங்கதான் எனக்குப் பிடிச்ச ஆள் வர்றார். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். (சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பேர் குடுத்தவர் இவர் இல்ல. அவர் எம்.ஏ. சிதம்பரம், ராஜா சர் அண்ணாமலை செட்டியாரோட மகன். கூகுள்ல தேடும்போது நானே ரெண்டு தடவை ஏமாந்தேன்.) 1908-ல் பிறந்தவர். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பேங்கை ஆரம்பிக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்க, வயசு 28. என் வயசு. நான் இந்த வயசுல லாஸ்ட் நேம் கட்டத்துக்கு நட்சத்திரம் போட்டுக்கிட்டு இருக்கேன்.

ஒரே நாள்ல மூணு இடத்துல கிளை திறந்தாங்க. காரைக்குடி, சென்னை, ரங்கூன். இந்த மூணு ஊர் பேரையும் வரிசையா சொல்லிப் பார்த்தாலே அந்த பேங்க் யாருக்காகன்னு புரியும். அதுக்கு முன்னாடி நம்ம பேங்குகளே இல்லாம இல்ல. 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி மெட்ராஸே அழுதப்புறம், 1907-ல் வி. கிருஷ்ணசாமி அய்யர் முன்னின்று இந்தியன் பேங்க் வந்தது. அது 1932-ல் கொழும்புல கிளையும் திறந்துடுச்சு. ஆனா வெளிநாட்டு நாணய மாற்றுத் தொழில் பெரும்பாலும் ஐரோப்பிய பேங்குகள் கையிலதான். நம்ம ஆள் ஒருத்தர் ரங்கூன்லேருந்து லண்டனுக்கோ பினாங்குக்கோ முறைப்படி பணம் அனுப்பணும்னா அவங்க படியேறணும். அந்தத் தொழிலுக்காகவே ஒரு பேங்க் நடத்தணும்ங்கிறதுதான் சிதம்பரம் செட்டியாரோட எண்ணம். பேரும் அதையே சொல்லுது. கூட்டுப் பங்கு கம்பெனிங்கிறதால குடும்ப விலாசம் தேவையில்லை. யார் வேணா பணம் போடலாம், பாஸ்புக் வாங்கலாம்.

இப்போ தேதியைக் கவனிங்க. பிப்ரவரி 10. சரியா ஐம்பது நாள் கழிச்சு, 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி, பர்மா இந்தியாவிலேருந்து பிரிஞ்சது.

இதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அதுவரைக்கும் ரங்கூன் சட்டப்படி வெளிநாடே இல்ல. மெட்ராஸ் மாதிரி, பம்பாய் மாதிரி பிரிட்டிஷ் இந்தியாவுல இன்னொரு மாகாணத்தோட தலைநகர். அதே ரூபாய். செட்டியார் அங்க குடுத்த கடன் உள்நாட்டுக் கடன். மார்ச் 31 ராத்திரி தூங்கி ஏப்ரல் 1 காலைல எழுந்தா அவர் அந்நிய நாட்டுல தொழில் செய்யுறவர். (ஏப்ரல் ஒண்ணாம் தேதியைத் தேர்ந்தெடுத்தவர் நல்ல ரசிகர்.) உடனே எதுவும் மாறல. ரிசர்வ் வங்கிதான் பர்மாவுக்கும் மத்திய வங்கியா இருந்தது. பர்மாவுல மட்டும் செல்லும்னு அச்சடிச்ச ரூபாய் நோட்டுகள் வந்தன. ஆனா கோடு போட்டாச்சு.

அந்தக் கோட்டுக்குப் பின்னாடி இருந்த கோவத்தையும் சொல்லணும், இல்லேன்னா பாதிக் கதைதான். 1930 வாக்குல உலகப் பொருளாதாரம் படுத்தப்போ நெல் விலை பாதிக்குக் கீழ விழுந்தது. பர்மிய விவசாயியால வட்டியைக் கூடக் கட்ட முடியல. அடமானம் வச்ச நிலம் கைமாறிச்சு. கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள்கிட்ட இருந்தது. 1930-களோட கடைசியில அது 25 சதவீதம். நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவங்க இல்ல, அவங்களுக்கு வேண்டியது ரொக்கம், சேறு இல்லன்னு நகரத்தார் தரப்புல சொல்லுவாங்க. அது உண்மையா இருக்கலாம். ஆனா தலைமுறையா உழுத நிலம் ஒரு தமிழ்க் கையெழுத்துக்குக் கீழ போனதைப் பார்த்த பர்மியருக்கு அந்த விளக்கம் எதுக்கு? நான் அந்த ஊர்ல பிறந்திருந்தா எனக்கும் கோவம்தான் வந்திருக்கும்.

அப்புறம் போர். 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர், மார்ச் 8 ரங்கூன், ரெண்டும் ஜப்பான் கையில. பர்மாவிலேருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே வந்ததும், வழியிலயே ஆயிரக்கணக்கில் செத்ததும் தனிப் பதிவா எழுத வேண்டியது. இங்க கணக்கு சமாச்சாரம் மட்டும். மலாயாவுல ஜப்பான்காரன் அச்சடிச்ச நோட்டுக்கு மதிப்பு நாளுக்கு நாள் கரைஞ்சது. அதுல வாழை மரப் படம் இருந்ததால ஜனங்க அதை வாழைப்பழ நோட்டுன்னே சொன்னாங்க. சில கடன்காரங்க போருக்கு முன்னாடி வாங்கின நல்ல டாலர் கடனை இந்த நோட்டுல கட்டி ரசீது வாங்கிக்கிட்டாங்க. போர் முடிஞ்சதும் இது செல்லுமா செல்லாதான்னு ஊரெல்லாம் தகராறு. கடைசியில 1948-ல் சட்டமே போட்டு, எந்த மாசம் கட்டின வாழைப்பழ நோட்டுக்கு எவ்வளவு மதிப்புன்னு அட்டவணை வெளியிட வேண்டியதாச்சு. அந்த அட்டவணையைத் தயாரிச்ச புண்ணியவானை நினைச்சா எக்செல்ல வேலை பார்க்குற எனக்கே கண்ணு கலங்குது.

இதுக்கப்புறம் நடந்ததுதான் என்னை இந்தப் பதிவை எழுத வச்சது. ஒரே பேங்க். ரங்கூன்ல ஒரு கிளை, மலாயாவுல சில கிளைகள். எல்லாம் அடுத்தடுத்து ஆரம்பிச்சது. அந்த ஆளும் அவ்ளோதான், 1954 மார்ச் 13-ஆம் தேதி சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்துல பிரிட்டிஷ் விமானம் ஒண்ணு இறங்கும்போது நொறுங்கினதுல சிதம்பரம் செட்டியார் இறந்துட்டார். 45 வயசு. கிளைகளோட கதை மட்டும் ரெண்டா பிரியுது.

மலாயா பக்கம்: 1969 ஜூலை 19 இந்திரா காந்தி 14 பேங்குகளை நாட்டுடைமை ஆக்கினதுல இந்தியன் ஓவர்சீஸும் ஒண்ணு. அன்னிக்கு இருந்த மலேசியச் சட்டப்படி வெளிநாட்டு அரசாங்கத்தோட பேங்க் அங்க தொழில் செய்ய முடியாது. அதனால இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன் பேங்க், யூகோ மூணோட மலேசியக் கிளைகளையும் சேர்த்து 1973-ல் யுனைடெட் ஏசியன் பேங்க்னு ஒரு உள்ளூர் பேங்க் ஆக்கினாங்க. அது 1991-ல் பேங்க் ஆஃப் காமர்ஸ்ல கலந்து, அது இன்னொண்ணோட கலந்து, இப்போ சிஐஎம்பி. போர்டு நாலு தடவை மாறிச்சு. ஆனா உள்ள இருந்த கணக்கு ஒண்ணுலேருந்து அடுத்ததுக்குப் பத்திரமா கைமாறிச்சு.

ரங்கூன் பக்கம்: 1962-ல் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடிச்சார். 1963 பிப்ரவரி 23 நாட்டுல இருந்த 24 பேங்கையும், உள்ளூர் வெளியூர்னு பார்க்காம, அரசுடைமை ஆக்கி மக்கள் வங்கின்னு நம்பர் போட்டுட்டாங்க. அடுத்த வருஷம் கடைகளும் போச்சு. 1964 மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது. (நமக்கு 2016-ல் நடந்தது அவங்களுக்கு அப்பவே.) இந்தியர்கள் கப்பல் கப்பலா கிளம்பினாங்க. கொண்டு போறதுக்கு அனுமதிச்ச பணம் சொற்பம், நகையைத் துறைமுகத்துலயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. சென்னையில பர்மா பஜார் எப்படி வந்ததுன்னு கேட்டா, அத்தோ எப்படி வந்ததுன்னு கேட்டா, பதில் அந்தக் கப்பல்தான்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ இதையெல்லாம் பெரியப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். பாவு ஓட்டிக்கிட்டிருந்த இடத்துலயே உக்காந்து கேட்டார். கோயில்ல வட்டி விகிதம் பேசினதுக்குச் சிரிச்சார். ரங்கூன் கப்பல்னு சொன்னதும் சிரிப்பு நின்னுடுச்சு.

"பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு டீக்கடை இருந்துச்சு, உனக்குத் தெரியாது. நான் அப்போ நாலாவதோ அஞ்சாவதோ. பர்மாகாரர்னுதான் கூப்புடுவோம். தமிழாளுதான். கல்லாப்பொட்டிக்கு அடியில ஒரு பாஸ்புக்கு வச்சிருந்தாரு. பாலித்தீன் பையில சுத்தி. யாராவது படிச்ச ஆளு வந்தா எடுத்துக் காட்டுவாரு. இதுல இவ்ளோ கீதுன்னு. எங்கப்பாகிட்டகூடக் காட்டினாரு."

"எந்த பேங்க்?"

"அதெல்லாம் யாருக்குடா தெரியும். இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. கடைசி வரில ஒரு தொகை, அதுக்குக் கீழ வெறும் கோடு."

"பணம் வந்துச்சா?"

"எங்கேருந்து வரும்? செத்தப்புறம் அவரு பையன் அதை என்னா பண்ணான்னு தெரியல."

இத்தனைக்கும் அந்த மனுஷன் செஞ்சதெல்லாம் சரி. சட்டப்படி கணக்கு, முத்திரை போட்ட புத்தகம், கையெழுத்து. திருட்டு உண்டியல் இல்ல. அவர் பக்கத்துல ஒரு தப்பும் இல்ல, பேங்க் பக்கத்துலயும் இல்ல. அதே வருஷங்கள்ல கோலாலம்பூர் பஸ்ஸோ கப்பலோ ஏறிப் போயிருந்தா அவர் மகன் இன்னிக்கு ஏடிஎம் கார்டு வச்சிருப்பான்.

நம்ம அரசாங்கமும் இந்தக் காலத்துல சும்மா இல்ல. போர் ஆரம்பிச்ச 1939-ல் வந்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1947-ல் தனிச் சட்டமாச்சு, 1973-ல் ஃபெராங்கிற பேர்ல இன்னும் இறுகிச்சு. இந்தியாவுல குடியிருக்கிறவன் ரிசர்வ் வங்கி அனுமதியில்லாம வெளிநாட்டுல கணக்கு வச்சா குற்றம். பாரின்ல இருக்கிற நம்மாளு இங்க கணக்கு வைக்கலாம், 1970-லேயே அதுக்கு என்ஆர்இ கணக்கு வந்துடுச்சு. துட்டு உள்ள வரலாம், வெளிய போகக் கூடாது. 2000 ஜூன்ல ஃபெமா வந்து குற்றத்தை விதிமீறல்னு மாத்தினப்புறம்தான் மூச்சு விட முடிஞ்சது. 2004-ல் தனிநபர் வருஷத்துக்கு 25,000 டாலர் அனுப்பலாம்னாங்க, இப்போ அது இரண்டரை லட்சம் டாலர். பெரியப்பா மாதிரி ஏற்றுமதி செய்யறவங்களுக்கு 2025 ஜனவரியிலதான் நேரடியா வழி பிறந்தது. சரக்குக்கான பணத்தை வாங்க வெளிநாட்டு பேங்க்ல கணக்கு வச்சுக்கலாம். ஆனா அங்கயே கெடக்க விடக் கூடாது. இறக்குமதிக்குச் செலவு பண்ணணும், இல்லேன்னா குறிச்ச கெடுவுக்குள்ள ஊருக்குக் கொண்டு வந்துடணும். சிங்கப்பூர் கடைக்காரர் சொன்ன 'கெடக்கட்டும்' சட்டப்படியும் ஆகாத காரியம்.

இதை முதல்லயே பார்த்திருந்தா ரெண்டு நாள் ஸ்கேனிங் மிச்சம். பரவால்ல, ரங்கூன் கிடைச்சது.

இங்கயே, ஆரணியிலயே, டாலர் கணக்கு வச்சுக்கலாம்னு ஒரு வழி இருக்கு, ஏற்றுமதியாளருக்குன்னு இருக்கிற ஈஈஎஃப்சி கணக்கு. அதைச் சொன்னேன். பெரியப்பா கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"அதுக்கு லாஸ்ட் நேம் கேப்பானா?"

"மேனேஜர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே பெரியப்பா. அவர் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்கதானே சேலை நெஞ்சு குடுத்தீங்க."

"அப்போ கேக்க மாட்டான்"னு சொல்லிட்டு அறுந்த இழையை முடிச்சுப் போட ஆரம்பிச்சார்.